மேடைக்கு ஒரு கல்



இந்தப் பதிவில் பாடத்திட்டம் இல்லை, மதிப்பீடு இல்லை. என்னுடன் பணியாற்றும் ஆசிரியர்கள் இருவர் தத்தம் வீட்டுச் சமையலறையைப் புதுப்பிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "குவார்ட்ஸ் போடலாமா, கிரானைட் போடலாமா? நீங்கள் சிங்க் எங்கே வாங்கினீர்கள்?" என்று ஓய்வு வேளைதோறும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தேன். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கடைசிப் பகுதியையும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீடு ஈப்போவின் புறநகரில் ஒரு தாமானில் உள்ள ஒற்றை மாடித் தொடர்வீடு. வீடு வாங்கியபோது குத்தகையாளர் செய்து கொடுத்த சமையலறையே இருபது ஆண்டுகள் ஓடியது. சிங்க்கின் விளிம்பில் பூசிய சிலிக்கான் பசை கறுத்து உரிந்து, அந்த இடுக்கின் வழியே நீர் கசிந்து, கீழேயிருந்த அலமாரி ஊறிய ரொட்டியைப் போல் உப்பிவிட்டது. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. ஒருமுறை நீரைக் குடித்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. 2024 தீபாவளிக்குள் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது என்று முடிவெடுத்தோம்.

கடைகளுக்குப் போய் வந்த முதல் இரண்டு வாரமும் நானும் என் கணவரும் மகளும் பேசியது நிறத்தைப் பற்றி மட்டுமே. வெள்ளையில் சாம்பல் கோடு ஓடலாமா, பொன்னிறக் கோடு ஓடலாமா என்பதுதான் எங்கள் வாதம். அம்மா ஒன்றும் பேசவில்லை. அவருக்கு வயது 71. எங்கள் வீட்டில் காலை பசியாறுதலும் மதியச் சமையலும் அவர் கையில்தான். மூன்றாவது வாரம் இரண்டே கேள்வி கேட்டார். "சட்டிய அடுப்புலேருந்து எடுத்து அப்படியே வைக்கலாமா? மஞ்சள் பட்டா போகுமா?"

அம்மா சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டில் வாழ்ந்தவர். அங்கே பாத்திரம் கழுவுவது வீட்டுக்குப் பின்னால், குழாயடியில், ஒரு சிமெண்டுத் திட்டின்மேல். குந்தி அமர்ந்து புளியும் சாம்பலும் இட்டுத் தேய்ப்பார்கள். சிங்க்கை இன்றும் அவர் மலாய்க்காரர்களைப் போல் 'சிங்கி' என்றுதான் சொல்வார். நின்றுகொண்டு கழுவும் வசதி வந்தபோது மகிழ்ந்ததாகவும், பிறகு இடுப்பு வலிக்கத் தொடங்கியதாகவும் ஒருமுறை சொன்னார். அப்போது நான் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. இந்த முறை அளவு நாடாவை எடுத்து அவரை நிற்க வைத்து அளந்தேன். அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். முழங்கையை மடக்கினால் தரையிலிருந்து 36 அங்குலம். பழைய மேடையின் உயரமும் அதே 36 அங்குலம்! இருபது ஆண்டுகள் அவர் தோளைத் தூக்கிக்கொண்டே காய் நறுக்கியிருக்கிறார்.

வேலை செய்யும் மேடை முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே இருப்பது நல்லது. நான் அம்மாவைவிட உயரம். ஆகவே 33 அங்குலத்தில் இருவரும் உடன்பட்டோம். கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். கல் எதுவாயினும் உயரம் தவறினால் வலிப்பது உடம்புக்குத்தான்.

அம்மாவின் கேள்விகளுக்கு விடை தேட, கடைகளிலிருந்து மாதிரித் துண்டுகளைக் கேட்டு வாங்கிவந்தேன். பளிங்கு, வெள்ளை குவார்ட்ஸ், சாம்பல் கிரானைட், கறுப்புக் கிரானைட், அக்ரிலிக் பலகை என ஐந்து. பெரும்பாலான கடைகளில் கொடுப்பார்கள். கேட்கத்தான் நாம் கூச்சப்படுகிறோம். ஐந்தையும் பின்வாசலில் வரிசையாக வைத்து, எலுமிச்சைச் சாறு, புளிக்கரைசல், மஞ்சள் கலந்த எண்ணெய் மூன்றையும் ஒவ்வொன்றின்மேலும் சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவைத்தோம். மகள் அட்டவணை போட்டு எழுதினாள். ஆசிரியர் வீட்டுப் பிள்ளை வேறு என்ன செய்யும்?

பளிங்குதான் முதலில் தோற்றது. எலுமிச்சைச் சாறு பட்ட இடம் பளபளப்பிழந்து, விரலால் தடவினால் சொரசொரத்தது. அது கறை அன்று. கல்லே அரிக்கப்பட்ட தடம். பளிங்கும் நம் ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்புக்கல் மலைகளும் அடிப்படையில் ஒரே பொருள்தான், கால்சியம் கார்பனேட். மென்மையான அமிலத் தன்மை கொண்ட மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கரைத்துத்தான் அம்மலைகளில் குகைகள் உண்டாயின. பேராக் தோங், சாம் போ தோங் குகைக் கோயில்களுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதைச் சொல்லிக் காட்டலாம். மலையில் மழை செய்ததை என் பின்வாசலில் அரைமூடி எலுமிச்சை ஓர் இரவில் செய்தது. இரசமும் புளிக்குழம்பும் கொதிக்கும் வீட்டில் பளிங்கு மேடை வேண்டாம்.

வெள்ளை குவார்ட்ஸ் என்பது மலையிலிருந்து அப்படியே வெட்டி எடுத்த கல் அன்று. பொடித்த படிகக்கல் ஏறத்தாழ 90 விழுக்காடும் மீதி பிசினும் நிறமியும் கலந்து அழுத்திச் செய்தது. எலுமிச்சை அதை ஒன்றும் செய்யவில்லை. மஞ்சள் மட்டும் வெளிறிய வட்டமாகத் தங்கிவிட்டது. அந்தத் துண்டை இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், மங்கிப் போயிற்று. மஞ்சளின் நிறம் ஒளிபட்டால் சிதையும். ஆனால் சமையல் மேடையைத் தூக்கி வெயிலில் காயவைக்க முடியுமா? சூடு அதற்கு இன்னும் ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அதன்மேல் வைத்தபோது பழுப்பு வளையம் விழுந்தது. பிசின் கருகிய அடையாளம் அது. துடைத்தும் போகவில்லை.

அக்ரிலிக் பலகையும் சூட்டுக்கு அஞ்சும். ஆனால் அதில் ஒரு நற்பண்பு உண்டு: கறையையும் கீறலையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிடலாம். சாம்பல் கிரானைட் எண்ணெயைக் குடித்துக் கருந்திட்டாகக் காட்டியது. இயற்கைக் கல்லில் நுண்துளைகள் இருப்பதால் அதற்குரிய பூச்சுத் திரவத்தை அவ்வப்போது தடவ வேண்டும். கறுப்புக் கிரானைட்டில் எதுவும் தெரியவில்லை, தோசைக்கல்லையும் பொறுத்துக்கொண்டது. "கறுப்பு போட்டா குசினி இருட்டா இருக்கும்" என்று மகள் முகம் சுளித்தாள். வெள்ளைதான் வேண்டும் என்றாள். என் மனமும் வெள்ளைப் பக்கமே சாய்ந்தது. சூடான சட்டிக்குக் கீழே மரப்பலகை வைத்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சமாதானம் சொன்னோம். அம்மா தலையசைத்தார். வெள்ளை குவார்ட்ஸுக்கு 500 ரிங்கிட் முன்பணம் கட்டினோம்.

இடையில் சிங்க்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் ஒரு காந்தத்தை எடுத்து எவர்சில்வர் சிங்க்கில் வைத்துக் காட்டினார். காந்தம் நழுவி விழுந்தது. "பார்த்தீர்களா, முதல்தரம்" என்றார். அந்தச் சோதனை பாதி உண்மைதான். 430 என்னும் மலிவுவகை எஃகில் காந்தம் ஒட்டும். 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 வகையில் பொதுவாக ஒட்டாது. ஆனால் நிக்கலைப் பெரிதும் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201 வகையிலும் காந்தம் ஒட்டாது! 201 விரைவில் துருப்பிடிக்கும். ஆகவே காந்தத்தை நம்பாமல், தொட்டியில் 304 என்று முத்திரை உள்ளதா என்று பாருங்கள். விலைச்சீட்டிலும் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடைக்குப் போய்விடலாம். தகடு ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்குமேல் தடிப்பாக இருந்தால் பாத்திரம் விழும்போது தகரச் சத்தம் கேட்காது. அடிப்புறம் ரப்பர் பட்டை ஒட்டியிருப்பது இன்னும் நல்லது.

பத்து அங்குல ஆழத் தொட்டிகள் இப்போது நாகரிகமாகிவிட்டன. அம்மாவை அதன் முன்னே நிறுத்தி, அடியைத் தொடச் சொன்னேன். குனிந்தார். எட்டு அங்குலத்தை எடுத்தோம். இரட்டைத் தொட்டியும் வேண்டாம் என்றோம். இரண்டு சிறிய தொட்டிகளில் எங்கள் குழம்புச் சட்டி எதிலும் படுக்காது.

பழைய சிங்க்கில் புள்ளி புள்ளியாகத் துரு இருந்ததற்குக் காரணம் நானேதான். வெளுப்பு நீரை ஊற்றி ஊறவைப்பேன். இரும்புக் கம்பிப் பஞ்சால் தேய்ப்பேன். குளோரின் எஃகின் காப்புப் படலத்தை அரித்துக் குழிபறிக்கும். கம்பிப் பஞ்சின் துகள்கள் தங்கித் துருவாகும். பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் செய்ததெல்லாம் அதைக் கெடுக்கும் வேலை. இப்போது பாத்திரச் சவர்க்காரமும் மென்பஞ்சும் மட்டுமே.

முன்பணம் கட்டிய மறுவாரம், கல் பலகையின் கோடுகளை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுக்கப் பட்டறைக்கு வரச் சொன்னார்கள். தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கூரைக் கொட்டகை. உள்ளே பெரிய அறுப்பு இயந்திரம் ஒன்று நீரைப் பீய்ச்சியபடி கல்லை அறுத்துக்கொண்டிருந்தது. அதைக் கடந்து பின்னால் போனால் வெண்புகை. ஓர் இளைஞன் கைவட்ட அரத்தைப் பிடித்து, வெள்ளைப் பலகை ஒன்றில் சிங்க்குக்கான துளையின் ஓரத்தை உலர்நிலையிலேயே தேய்த்துக்கொண்டிருந்தான். தலைமுடி, புருவம், தாடி எல்லாம் மாவு தூவியதுபோல் வெளுத்திருந்தன. கழுத்தில் ஒரு துண்டு தொங்கியது. அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான்.

"டீச்சர்!"

சிரித்தபோதுதான் அடையாளம் தெரிந்தது. 2009-இல் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. படிப்பில் நாட்டமில்லை. ஆனால் சுண்ணக்கட்டி கிடைத்தால் ஊசியாலும் அளவுகோல் முனையாலும் செதுக்கி யானை, மீன், சிறிய கோபுரம் என்று ஏதேனும் செய்துவிடுவான். மேசையெல்லாம் தூசியாக்குகிறான் என்று நான் கடிந்து பிடுங்கிவைத்த யானை ஒன்று பல ஆண்டுகள் என் இழுப்பறையில் கிடந்தது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு முடிவு வந்த அன்று அவன் தாயார் கண்கலங்கி நின்றார். நான் அவரைத் தேற்றினேன். "கவலைப்படாதீங்க அக்கா, பையனுக்குக் கைவேலை நல்லா வரும். பெரியவனானதும் ஏதாவது தொழில்ல சேர்த்து விடுங்க. பிழைச்சுக்குவான்." எத்தனை பெற்றோரிடம் இதையே சொல்லியிருக்கிறேன்! நல்ல அறிவுரை என்றுதான் நினைத்திருந்தேன். இன்றும் அது தவறான அறிவுரை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எந்தத் தொழில், எந்தப் பட்டறை, அங்கே என்ன மூச்சிழுக்கிறார்கள் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை.

"மூக்குல ஒண்ணும் கட்டலயாப்பா?"

"முகக்கவசம் இருக்கு டீச்சர். வெக்கை தாங்கல. எல்லாம் பழகிப் போச்சு." ஏழாண்டுகளாக இந்த வேலை செய்கிறானாம். "உங்க வீட்டுக் கல்லையும் நான்தான் வெட்டப் போறேன்" என்று பெருமையாகச் சொன்னான்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. குவார்ட்ஸ் தூசியைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதியிலிருந்துதான் ஆஸ்திரேலியா இவ்வகைச் செயற்கைக் கல்லைச் செய்யவும் விற்கவும் வெட்டவும் பொருத்தவும் தடை விதித்திருந்தது. உலகிலேயே முதல் நாடு. காரணம் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய். படிகச் சிலிக்காவின் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் நுரையீரலின் ஆழத்தில் படிந்து, அங்கே தழும்பை உண்டாக்குகின்றன. தூசி அதிகமானால் சில ஆண்டுகளிலேயே வரக்கூடும். அதைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஸ்பெயினிலும் இஸ்ரேலிலும் இளம் கல்வெட்டுத் தொழிலாளர்களிடம் இதைப் பல ஆண்டுகளுக்கு முன்பே மருத்துவர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பொருத்தி முடித்த குவார்ட்ஸ் மேடை அதில் சமைப்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. தீங்கு வெட்டும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசியில்தான். வீட்டில் ஏற்கெனவே குவார்ட்ஸ் உள்ளவர்கள் அஞ்ச வேண்டாம். நாம் வகுப்பறையில் மூச்சிழுத்த சுண்ணக்கட்டித் தூசியோடும் இதை ஒப்பிட வேண்டாம். அது வேறு, இது வேறு.

மறுநாள் கடைக்காரரிடம் போய், குவார்ட்ஸ் வேண்டாம், கறுப்புக் கிரானைட் போதும் என்றேன். அடிக்கு 230 ரிங்கிட் என்பது 160 ஆனது. அவருக்கு முகம் வாடியது. முன்பணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டார். இதனால் என் மனம் தெளிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். கிரானைட்டிலும் சிலிக்கா ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்கிறது. குறைவு, இல்லாமல் இல்லை. ஆகவே இன்னொன்றும் கேட்டேன். சிங்க்கையும் குழாயையும் நான் முன்கூட்டியே பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். துளைகளை அங்கேயே நீர்விட்டு வெட்ட வேண்டும். என் வீட்டு வாசலில் உலர்வெட்டு வேண்டாம். அவர் சற்று யோசித்து, இரண்டு வாரம் கூடுதலாகும் என்றார். சரி என்றேன். வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் அந்த ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து ஏறத்தாழ எல்லா வேலையிடங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டதை நான் படித்திருந்தேன். ஆனால் அதைச் சொல்லிப் பயமுறுத்த மனம் வரவில்லை. பையனின் வேலைக்கு ஏதேனும் வந்துவிடுமோ என்ற அச்சம்.

தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு கல் வந்தது. எங்கள் வீட்டுச் சுவர் நேராக இல்லை. யார் வீட்டில்தான் இருக்கிறது? பலகை அரை விரல் நீளமாகி உள்ளே இறங்க மறுத்தது. அவன் உடனே கைவட்ட அரத்தை எடுத்தான்.

"வேண்டாம்பா. கொண்டுபோய் வெட்டிக் கொண்டாங்க."

"டீச்சர், ரெண்டு நிமிஷ வேலை டீச்சர்."

நான் அசையவில்லை. அவன் முகம் மாறியது. ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று அவனுக்குக் கணக்கு உண்டு. என் வீட்டுக்கு மீண்டும் ஒருமுறை வருவது அவன் கைக்காசு. அதை அவன் வாய்விட்டுச் சொல்லவில்லை; உடன் வந்த வங்காளதேசத் தொழிலாளி சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த நாள் கூலியை நான் தனியே கொடுத்தேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டான். என் மனச்சாட்சிக்கு அவன் விலை கொடுப்பது எவ்வகை நியாயம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் தோன்றுகிறது.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மேடை இல்லை. அம்மா கார் நிறுத்துமிடத்தில் எரிவாயு அடுப்பை வைத்து, குந்தி அமர்ந்து முறுக்குச் சுட்டார். "லயத்துல இருந்த மாதிரியே இருக்கு" என்றார். மகிழ்ச்சியாகச் சொன்னாரா, குறைபட்டுச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. நவம்பர் இரண்டாம் வாரம் கல் வந்து இறங்கியது. அம்மா கொதிக்கும் சட்டியை அதன்மேல் நேராக இறக்கிவைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். குசினி இருட்டாகத்தான் இருக்கிறது. மகள் சொன்னது சரி. மேல் அலமாரிக்குக் கீழே விளக்கு போட்டிருக்கிறோம்.

வடிகட்டி மாட்டிய ரப்பர் முகக்கவசம் ஒன்றை வாங்கி அவனிடம் கொடுத்தேன். தாடி இருந்தால் அது முகத்தோடு ஒட்டாது, மழித்துக்கொள் என்றும் சொன்னேன். பிறகு ஒருநாள் சாலைச் சந்திப்பில் அவன் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். முகக்கவசம் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாடி அப்படியே இருந்தது.

சென்ற வாரம் அவன் பள்ளிக்கு வந்தான். மகளைப் பாலர் பள்ளியில் பதிய வேண்டுமாம். அலுவலகத்தில் பாரத்தை நிரப்ப நான் உதவினேன். குழந்தைக்கு அவனுடைய அதே கண்கள். மார்புக்கு எக்ஸ்ரே எடுத்தாயா, தொழிலைச் சொல்லிப் பரிசோதித்தாயா என்று கேட்டேன். "நல்லாதான் இருக்கேன் டீச்சர். பாக்குறேன்" என்று சிரித்தான். வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நானே காரில் வந்து அழைத்துப் போகிறேன், மருத்துவரிடம் பேசிவைத்துவிட்டேன், மறுக்கக்கூடாது என்றேன். சரி என்று தலையாட்டினான்.

ஆறாம் ஆண்டில் வீட்டுப்பாடம் கொண்டுவரச் சொன்னபோதும் இப்படித்தான் தலையாட்டுவான். எட்டு மணிக்கே போய் வாசலில் நிற்கலாம் என்றிருக்கிறேன்.